பூட்டைத் திறந்த புத்தக மனிதர்

பொன்னேரி ரெயில் நிலையம். மாலை நேரம்.

கும்மிடிப்பூண்டியில் இருந்து மின்சார ரெயில் வந்து நிற்கிறது. தொழிற்பேட்டையில் வேலை முடிந்தவர்கள் இறங்குகிறார்கள். கல்லூரி மாணவர்களும் மாணவிகளும் ஏறுகிறார்கள். பலர் கையில் சீசன் டிக்கெட்.

அந்த டிக்கெட்டைப் பொன்னேரியில் வாங்கினால் போதும். மீஞ்சூரிலும் செல்லும். சென்னையிலும் செல்லும். இறங்கும் நிலையத்தில் யாரும் மறுபடியும் பெயர் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை, புதிதாகப் பணம் கேட்பதில்லை. பொன்னேரி நிலையம் கொடுத்த சீட்டைச் சென்னை நிலையம் நம்புகிறது.

நூல் நிலையங்களும் இப்படி இருந்தால் எப்படி இருக்கும்? ஓர் ஊரில் பெயர் பதிந்தவருக்கு உலகத்துப் புத்தகங்கள் எல்லாம் திறந்தால்?

இன்று அது நடக்கத் தொடங்கி இருக்கிறது. வீட்டில் இருந்தபடி கல்லூரி கொடுத்த ஒரே பெயர், ஒரே கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு, கடல் கடந்த ஆராய்ச்சி இதழ்களைப் படிக்க வழி வந்துவிட்டது.

வழி செய்தது கம்ப்யூட்டர். ஆனால், வாசகன் நூல் நிலைய வாசலில் காத்துக் கிடக்கக்கூடாது என்ற எண்ணத்தை நம் நாட்டில் ஊன்றியவர் ஒரு தமிழர். கம்ப்யூட்டர் நம் வீடுகளுக்கு வருவதற்கு முன்பே வாழ்ந்து மறைந்தவர். கணக்கு வாத்தியாராக இருந்து நூல் நிலையத் தந்தை ஆனவர்.

அவர்தான் சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன்.

சீர்காழிச் சிறுவன்

சீர்காழி, சம்பந்தர் பிறந்த ஊர். அந்த நாளில் தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்தது. இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது. 1892-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ரங்கநாதன் அங்கே பிறந்தார்.

தந்தை ராமாமிர்த அய்யர். தாயார் சீதாலட்சுமி. வீட்டில் நிலம் இருந்தது. ஆனால் தந்தையின் அன்பு நீடிக்கவில்லை. ரங்கநாதனுக்கு ஆறு வயது ஆனபோது அவர் காலமானார். பிறகு பிள்ளையை வளர்த்து ஆளாக்கியதில் தாத்தாவுக்குப் பெரும் பங்கு உண்டு. தாத்தா பள்ளிக்கூட ஆசிரியர்.

ரங்கநாதன் சீர்காழி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தார். கணக்கு என்றால் அவருக்குக் கற்கண்டு. ஆனால் ஒரு குறை இருந்தது. பேச்சு திக்கும்.

மனதில் விடை தயாராக இருக்கும். நாக்கு ஒத்துழைக்காது. வகுப்பில் நாலு பேர் நடுவே எழுந்து நின்று ஒரு சொல்லுக்குத் தவிக்கும் பிள்ளையின் வேதனை, பட்டவர்களுக்குத்தான் தெரியும். ரங்கநாதன் அதைப் பட்டார். ஆனால் படிப்பை விடவில்லை.

சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தார். எட்வர்டு ராஸ் என்ற கணிதப் பேராசிரியர் அவருக்குக் குருவாக வாய்த்தார். 1913-ல் பி. ஏ. தேறினார். 1916-ல் கணிதத்தில் எம். ஏ. தேறினார். சைதாப்பேட்டையில் ஆசிரியர் பயிற்சியும் பெற்றார்.

பேச்சு திக்கும் ஒருவர் எந்த வேலைக்குப் போகலாம்? பேசாமல் செய்யும் வேலைக்கு என்றுதான் யாரும் சொல்வார்கள். ரங்கநாதன் ஆசிரியர் ஆனார்! 1917-ல் மங்களூர் அரசுக் கல்லூரி. பிறகு கோயமுத்தூர். 1921-ல் சென்னை மாநிலக் கல்லூரி. முயன்று முயன்று நாக்கைத் தன் வசப்படுத்தினார். பிள்ளைகளுக்குப் பிடித்த கணக்கு வாத்தியார் என்று பெயர் வாங்கினார்.

வாழ்க்கை நேராகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் ஒரு திருப்பம்.

வேண்டாத வேலை

சென்னைப் பல்கலைக்கழகம் தன் நூல் நிலையத்துக்கு ஒரு தலைவரைத் தேடியது. நல்ல சம்பளம். நூற்றுக்கணக்கானவர்கள் விண்ணப்பம் போட்டார்கள். நண்பர்கள் தூண்டியதால் ரங்கநாதனும் போட்டார்.

நூல் நிலையத்தை நடத்த அவர் எங்கும் படித்தவர் அல்ல. நேர்காணலுக்குப் போகும் முன்பு ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தை எடுத்து, நூல் நிலையம் பற்றிய கட்டுரையைப் படித்துக்கொண்டார். அவ்வளவுதான் முன் தயாரிப்பு. ஆனாலும் வேலை அவருக்கே கிடைத்தது.

1924-ம் ஆண்டு ஜனவரியில் நாற்காலியில் அமர்ந்தார். சில நாட்களிலேயே மனம் சோர்ந்து போனார்.

ஏன்? வகுப்பில் பிள்ளைகளின் கலகலப்பில் பழகியவர் அவர். இங்கே ஆள் நடமாட்டமே இல்லை. அலமாரிகள் இருந்தன, புத்தகங்கள் இருந்தன, படிக்க வருபவர் இல்லை. வந்தவரும் தாமாகப் புத்தகத்தைத் தொட முடியாது. எழுதிக் கொடுக்க வேண்டும்; காத்திருக்க வேண்டும். புத்தகத்தைக் காப்பதுதான் நூல் நிலையத்தின் கடமை என்று எல்லோரும் நினைத்திருந்த காலம் அது.

ரங்கநாதன் மாநிலக் கல்லூரிக்கே ஓடினார். பழைய வேலையைத் திருப்பித் தரும்படி முதல்வரைக் கேட்டார். முதல்வர் மறுக்கவில்லை. ஆனால் ஒரு யோசனை சொன்னார். நூல் நிலையப் பயிற்சிக்காகப் பல்கலைக்கழகம் அவரை லண்டனுக்கு அனுப்ப இருந்தது. முதலில் லண்டன் போய் வரட்டும். வந்த பிறகும் மனம் ஒட்டவில்லை என்றால் வேலையைத் தருவதாகச் சொன்னார்.

அந்த யோசனை மட்டும் கிடைக்காமல் போயிருந்தால், நாட்டுக்கு ஒரு நல்ல கணக்கு வாத்தியார் மிஞ்சி இருப்பார். நூல் நிலையத் தந்தை கிடைத்திருக்க மாட்டார்.

பொம்மைக் கடையில் பிறந்த யோசனை

1924-ல் ரங்கநாதன் கப்பல் ஏறினார். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நூல் நிலையப் படிப்பு. குராய்டன் நகர நூல் நிலையத் தலைவர் பெர்விக் சேயர்ஸ் அவருடைய ஆசிரியர்.

இங்கிலாந்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நூல் நிலையங்களைச் சுற்றிப் பார்த்தார். அங்கே கண்ட காட்சி அவர் கண்ணைத் திறந்தது. பெண்கள் வந்தார்கள். குழந்தைகள் வந்தார்கள். தொழிலாளர்கள் வேலை முடித்து வந்தார்கள். அலமாரி அருகில் தாமே போய்ப் புத்தகத்தை எடுத்தார்கள், புரட்டினார்கள், பிடித்ததை வீட்டுக்குக் கொண்டு போனார்கள்.

நம் ஊரில் இப்படி ஏன் நடக்கக்கூடாது? இந்தக் கேள்வி அவர் மனதில் ஆழமாகப் பதிந்தது. கணக்கு வாத்தியார் வேலை மறந்து போயிற்று.

இன்னொரு பிரச்சினையும் அவரை உறுத்தியது. புத்தகங்களை எந்த வரிசையில் அடுக்குவது? அங்கே இருந்த முறைகளில் ஒவ்வொரு பாடத்துக்கும் முன்கூட்டியே ஒரு எண் போட்டு வைத்திருந்தார்கள். புதிதாக ஒரு பாடம் பிறந்தால் அதற்கு இடம் இல்லை.

ஒருநாள் லண்டனில் ஒரு பெரிய கடையில் பொம்மைப் பகுதிக்குப் போனார். அங்கே மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைக் காட்டினார்கள். இரும்புப் பட்டைகள், சக்கரங்கள், திருகாணிகள். அதே துண்டுகளைச் சேர்த்தால் ஒரு முறை பாலம். இன்னொரு முறை வண்டி. மற்றொரு முறை பளுதூக்கி.

கணக்கு மூளை விழித்துக்கொண்டது. பாடங்களையும் இப்படித் துண்டு துண்டாக வைத்துக்கொண்டால் என்ன? தேவைப்பட்டபோது சேர்த்துக்கொள்ளலாமே!

ஓர் உதாரணம் பாருங்கள். அவருடைய முறையில் எல் என்ற ஆங்கில எழுத்து மருத்துவத்தைக் குறிக்கும். 45 நுரையீரல். 421 காசநோய். 6 சிகிச்சை. இவற்றைச் சேர்த்துப் போட்டால், நுரையீரல் காசநோய்க்கான சிகிச்சை பற்றிய புத்தகம் என்று தெரிந்துவிடும். துண்டுகளைச் சேர்க்கும் திருகாணியாக அவர் எடுத்துக்கொண்டது இரண்டு புள்ளிகள் கொண்ட கோலன் குறி. அதனால் அந்த முறைக்குக் கோலன் பகுப்பு முறை என்று பெயர்.

திரும்பி வரும் கப்பலில் ஒரு சின்ன நூல் நிலையம் இருந்தது. அந்தப் புத்தகங்களை வைத்தே தம் முறையைச் சோதித்துப் பார்த்தார்! 1925-ல் சென்னை வந்து சேர்ந்தார். மாநிலக் கல்லூரிப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

சீட்டு ஒன்று, தொல்லை இல்லை

சென்னைப் பல்கலைக்கழக நூல் நிலையத்தில் ஒரு புரட்சி நடந்தது.

அலமாரிகளை வாசகர்களுக்குத் திறந்துவிட்டார் ரங்கநாதன். யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பார்க்கலாம். புத்தகம் தொலைந்துவிடாதா என்று பயந்தவர்கள் உண்டு. இரண்டொன்று தொலையலாம்; ஆனால் படிக்கப்படாமல் பூச்சி அரிக்கும் புத்தகமும் தொலைந்த புத்தகமே என்பது அவர் கட்சி. வந்தவர் எதைத் தேடுகிறார் என்று அருகில் நின்று உதவுவதற்கு ஆட்களை வைத்தார்.

அடுத்தது, புத்தகம் கொடுக்கும் முறை.

பழைய முறையில் ஒரு பெரிய நோட்டு இருக்கும். பெயர், விலாசம், புத்தகத்தின் பெயர், ஆசிரியர் பெயர், தேதி, கையெழுத்து எல்லாம் ஒவ்வொரு தடவையும் எழுத வேண்டும். முன்னால் பத்துப் பேர் நின்றால் கதி அதோகதிதான்.

ரங்கநாதன் பரப்பியது சீட்டு முறை. வாசகர் ஒருமுறை உறுப்பினராகச் சேருகிறார். அவர் யார் என்று அப்போதே விசாரித்துப் பதிவேட்டில் எழுதிவிடுகிறார்கள். அவருக்குச் சீட்டுகள் கிடைக்கின்றன. புத்தகம் வேண்டும்போது ஒரு சீட்டைக் கொடுக்கிறார். புத்தகத்தில் இருக்கும் அட்டையை எடுத்து அந்தச் சீட்டோடு சேர்த்து வைத்துக்கொள்கிறார்கள். வேலை முடிந்தது! புத்தகம் திரும்பி வந்தால் சீட்டும் திரும்பி வரும்.

இதில் உள்ள நுட்பத்தைக் கவனியுங்கள். ஆளை விசாரிப்பது ஒரே தடவை. அதன்பிறகு சீட்டே சாட்சி.

ஐந்து விதிகள்

வேலையில் வெற்றி குவிந்த நேரத்தில் வீட்டில் இடி விழுந்தது.

ரங்கநாதனின் மனைவி ருக்மணி. சிறு வயதிலேயே நடந்த திருமணம். 1928-ம் ஆண்டு நவம்பரில் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோவில் குளத்தில் ஏற்பட்ட விபத்தில் அந்த அம்மையார் உயிர் இழந்தார். இருபது ஆண்டுகளுக்கும் மேலான துணை ஒரே நாளில் போயிற்று.

ரங்கநாதன் துயரத்தை வேலையில் கரைத்தார். மறு ஆண்டு சாரதா அம்மையாரை மணந்தார். அந்த அம்மையார் கடைசி வரை அவருக்கு உறுதுணையாக இருந்தார்.

1931-ல் ரங்கநாதன் எழுதிய புத்தகம் ஒன்று வெளிவந்தது. நூல் நிலையத்துக்கு ஐந்து விதிகளை அதில் வகுத்தார். இன்று உலகம் எங்கும் நூல் நிலையப் படிப்பில் முதல் பாடம் அதுதான்.

அந்த விதிகளின் சாரம் குழந்தைக்கும் புரியும். புத்தகம் இருப்பது பூட்டி வைக்க அல்ல, பயன்படுவதற்கு. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கு உரிய புத்தகம் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு புத்தகமும் தனக்கு உரிய வாசகரைச் சேர வேண்டும். வாசகரின் நேரத்தை வீணாக்கக்கூடாது. நூல் நிலையம் வளர்ந்துகொண்டே போகும் உயிர்.

நாலாவது விதியைப் பாருங்கள். வாசகரின் நேரம்! பெரிய மனிதரின் நேரத்துக்கு மதிப்பு உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். படிக்க வந்த ஏழை மாணவனின் நேரத்துக்கும் மதிப்பு உண்டு என்று சட்டம் போல எழுதி வைத்தவர் ரங்கநாதன்.

அவர் தம் நேரத்தைக் கணக்குப் பார்க்கவில்லை. நாள் ஒன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் உழைத்தார். சென்னையில் இருந்த இருபது ஆண்டுகளில் விடுமுறையே எடுக்கவில்லை என்பார்கள்.

வண்டி ஏறிய புத்தகம்

பட்டணத்துக்கு மட்டும் நூல் நிலையம் போதுமா? கிராமத்துக்கு?

1928-ல் சென்னை நூல் நிலையச் சங்கம் தோன்றியது. ரங்கநாதன் அதன் உயிர்நாடி. கிராமங்களிலும் படிக்கும் ஆசையைத் தூண்டச் சங்கம் பாடுபட்டது. 1931-ம் ஆண்டு மன்னார்குடி அருகே மேலவாசலில் ஒரு மாட்டு வண்டி புறப்பட்டது. வண்டி நிறையப் புத்தகங்கள்! கனகசபைப் பிள்ளை என்பவர் முயற்சியில் பிறந்த நடமாடும் நூல் நிலையம் அது. ஊர் ஊராகப் போய்ப் புத்தகம் கொடுத்தது.

ஆனால் வண்டிகளை நம்பியே நாடு முழுவதும் நூல் நிலையம் நடத்த முடியாது என்று ரங்கநாதனுக்குத் தெரியும். சட்டம் வேண்டும், நிலையான வருமானம் வேண்டும். 1930-லேயே காசியில் நடந்த கல்வி மாநாட்டில் ஒரு மாதிரிச் சட்டத்தை எழுதி வைத்தார். சட்டம் உடனே வந்துவிடவில்லை. அவர் சளைக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தார்.

நாடு விடுதலை அடைந்தது. சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சராக அவினாசிலிங்கம் செட்டியார் இருந்தார். 1948-ம் ஆண்டு சென்னைப் பொது நூல் நிலையச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் நூல் நிலையச் சட்டம் அதுதான். பதினெட்டு ஆண்டு உழைப்புக்குக் கிடைத்த பலன்!

வீட்டு வரியோடு சேர்த்து ஒரு சின்ன நூலக வரி. அந்தப் பணத்தில் ஜில்லாதோறும் நூல் நிலையங்கள். பொன்னேரி அந்த நாளில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. இன்று திருவள்ளூர் மாவட்டம். மாவட்டத்தின் பெயர் மாறினாலும் சட்டம் நிற்கிறது. வீட்டு வரி கட்டும் ஒவ்வொரு குடும்பமும் தன் ஊர் நூல் நிலையத்துக்கு ஒரு பங்கு கொடுக்கிறது. அது நம் பணம், நம் புத்தகம்.

புதுப் பூட்டுகள்

காலம் மாறியது. புத்தகம் காகிதத்தை விட்டுக் கம்ப்யூட்டருக்குள் புகுந்தது. ஆராய்ச்சி இதழ்கள் எல்லாம் மின் இதழ்கள் ஆகிவிட்டன. இனிமேல் கதவே இல்லை என்று எல்லோரும் எண்ணினார்கள்.

கதவுகள் பெருகிவிட்டன!

இதழ் வெளியிடும் ஒவ்வொரு நிறுவனமும் தன் வாசலில் ஒரு பூட்டுப் போட்டது. இங்கே ஒரு பெயர், ஒரு கடவுச்சொல். அங்கே வேறு பெயர், வேறு கடவுச்சொல். ரங்கநாதன் ஒழிக்க நினைத்த பெரிய நோட்டு வேறு வேஷத்தில் வந்துவிட்டது.

கல்லூரிக் கட்டிடத்துக்குள் இருந்தால் தொல்லை குறைவு. அங்கிருந்து போகும் இணைய இணைப்பின் எண்ணைப் பார்த்தே நிறுவனம் கதவைத் திறந்துவிடும். மாணவி வீட்டுக்குப் போனால்? அதே மாணவிதான். ஆனால் கதவுக்கு அவள் அந்நியம்.

பொன்னேரியில் 1965-ல் தோன்றிய உலகநாத நாராயணசாமி அரசுக் கல்லூரி இருக்கிறது. மீன்வளக் கல்லூரியும் இருக்கிறது. பழவேற்காடு ஏரிக்கரையில் இருந்தும், ஆரணியாற்றங்கரைக் கிராமங்களில் இருந்தும், தொழிற்பேட்டைத் தொழிலாளர் வீடுகளில் இருந்தும் பிள்ளைகள் படிக்க வரும் வட்டாரம் இது. குடும்பத்தில் முதன் முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்கள் பலர். மாலையில் ரெயிலுக்கும் பஸ்ஸுக்கும் ஓட வேண்டும். அவர்கள் படிக்கும் நேரம் இரவில், வீட்டில். கல்லூரிக்குள் மட்டும் திறக்கும் நூல் நிலையம் அவர்களுக்குப் பாதி நூல் நிலையம்தான்.

ஒரே சாவி

இதற்குக் கண்ட வழிதான் ஒரே உள்நுழைவு.

அது எப்படி வேலை செய்கிறது? சீசன் டிக்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரியில் ஏற்கனவே ஒரு பதிவேடு இருக்கிறது. மாணவர் சேர்க்கையின்போதே பெயர், எண், படிப்பு எல்லாம் அதில் ஏறிவிடுகின்றன. இப்போது அது கம்ப்யூட்டரில் இருக்கும் பயனர் பட்டியல். நூல் நிலையத்துக்காகப் புதிய பட்டியல் எழுத வேண்டாம். இருக்கும் பட்டியலையே வாசலோடு இணைத்துவிட்டால் போதும்.

மாணவி வீட்டில் இருந்து ஓர் இதழைத் திறக்கிறாள். எந்தக் கல்லூரி என்று வாசல் கேட்கிறது. அவள் தன் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கிறாள். உடனே கல்லூரியின் சொந்தப் பக்கம் வருகிறது. அங்கே கடவுச்சொல்லைக் கொடுக்கிறாள். கல்லூரி தன் பட்டியலைப் பார்க்கிறது. இவள் எங்கள் மாணவி என்று நிறுவனத்துக்கு முத்திரை போட்ட செய்தி போகிறது. கதவு திறக்கிறது. எல்லாம் சில நொடிகளில்!

கடவுச்சொல் அந்த நிறுவனத்துக்குப் போவதே இல்லை. கல்லூரியோடு நின்றுவிடுகிறது. வேண்டுமானால் பெயரைக்கூடச் சொல்லாமல், எங்கள் மாணவர் என்று மட்டும் சொல்லி அனுப்பலாம். அதே முறையில் சேர்ந்த மற்ற வாசல்களும் அன்றைக்கு மறுபடியும் கேட்காமல் திறக்கும்.

நம் நாட்டில் இந்த நம்பிக்கை வலையைக் கட்டியது இன்ஃப்ளிப்நெட் என்ற அமைப்பு. பல்கலைக்கழக மானியக் குழு 1991-ல் தொடங்கியது. குஜராத்தில் காந்திநகரில் இருக்கிறது. வலையின் பெயர் இன்ஃபெட். ஒவ்வொரு கல்லூரியும் ஒவ்வொரு நிறுவனத்தோடும் தனித்தனியே பேரம் பேச வேண்டாம். நடுவில் ஒரு பொது நம்பிக்கை.

2025-ம் ஆண்டு ஜனவரியில் ஒரே நாடு, ஒரே சந்தா என்ற திட்டமும் தொடங்கியது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். முப்பது நிறுவனங்களின் சுமார் 13,000 மின் இதழ்கள். மத்திய, மாநில அரசுகளின் 6,300-க்கும் மேற்பட்ட கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்காக வகுத்த திட்டம். இதழ்கள் வாங்கியாகிவிட்டது. அவை மாணவரின் கைக்குப் போய்ச் சேருவது அந்தச் சாவியைப் பொறுத்தது.

சொல்ல முடியாத சொல்

இன்ஃபெட் பயன்படுத்தும் இலவச மென்பொருளின் பெயர் ஷிபொலெத். விவிலியத்தில் வரும் ஒரு பழைய கதையில் இருந்து எடுத்த பெயர்.

ஒரு நதித்துறையில் காவல் வைத்தார்கள். கடக்க வந்தவர்களை ஷிபொலெத் என்று சொல்லச் சொன்னார்கள். எதிரிகளுக்கு ஷ என்ற ஒலி வராது. சொல்லத் தெரியாமல் ஸ என்று சொன்னவர்களை வெட்டிப்போட்டார்கள்.

பேச்சு திக்கிய சீர்காழிப் பிள்ளையை இங்கே நினைத்துப் பாருங்கள். ஒரு சொல்லைச் சரியாகச் சொல்லாததால் கதவு மூடினால் என்ன ஆகும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்?

இன்றும் அந்த ஆபத்து இருக்கிறது. கல்லூரிப் பட்டியலில் மாணவரின் பெயர் ஏறாமல் விட்டுப்போனால், கதவு திறக்காது. எண் ஒன்று தப்பானால், கதவு திறக்காது. படிப்பு முடித்துப் போனவரின் பெயரை எடுக்காமல் விட்டால், கதவு யாருக்கோ திறந்து கிடக்கும். கம்ப்யூட்டர் பட்டியலில் உள்ளதைத்தான் சொல்லும். நியாயம் தெரிந்து திருத்தாது. பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் எழுத்தர் ஒருவரின் கவனத்தில்தான் உலகத்து இதழ்கள் எல்லாம் தொங்குகின்றன.

மாணவர்களுக்கும் பொறுப்பு உண்டு. கடவுச்சொல்லை நண்பருக்குக் கொடுப்பது, வீட்டுச் சாவியைத் தெருவில் போடுவதற்குச் சமம். ஒரே சாவி என்பதால், தொலைந்தால் எல்லா அறையும் போயிற்று. கதவு திறக்கவில்லை என்றால் வெட்கப்பட்டு ஒதுங்காமல் நூலகரிடம் போய்க் கேட்க வேண்டும். கேட்பவருக்கு உதவுவதற்காகத்தான் நூலகர் இருக்கிறார் என்பது ரங்கநாதன் பாடம்.

கொடுத்துவிட்டுப் போனவர்

ரங்கநாதன் 1945-ல் சென்னையை விட்டார். காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்குப் போய், சுமார் ஒரு லட்சம் புத்தகங்களைத் தாமே வகை பிரித்தார். பிறகு டெல்லிப் பல்கலைக்கழகம். 1957-ல் பத்மஸ்ரீ விருது வந்தது. 1962-ல் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தை உருவாக்கினார். 1965-ல் தேசியப் பேராசிரியர் ஆனார்.

வாழ்நாள் முழுவதும் மிச்சம் பிடித்த பணம் ஒரு லட்சம் ரூபாய். அதைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார். நூல் நிலையக் கல்விக்கு ஒரு பேராசிரியர் பதவி அதனால் உண்டாயிற்று. அந்தப் பதவிக்கு அவர் தம் பெயரை மட்டும் வைக்கவில்லை. மனைவி சாரதாவின் பெயரையும் சேர்த்து வைத்தார்.

1972-ம் ஆண்டு செப்டம்பர் 27-ந்தேதி பெங்களூரில் காலமானார். ஆகஸ்டு 12-ந்தேதியை நாடு முழுவதும் நூலகர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

அவர் இருந்த காலத்தில் நம் நூல் நிலையங்களில் கடவுச்சொல் கிடையாது. மின் இதழ் கிடையாது. ஆனால் அவர் வகுத்த விதிகள் புதிய வாசலுக்கும் பொருந்துகின்றன. வாசகரை ஒரே தடவை விசாரியுங்கள். பிறகு நம்புங்கள். அவர் நேரத்தை வீணாக்காதீர்கள்.

பொன்னேரிக்கு இரவு ரெயில் வருகிறது. சீசன் டிக்கெட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மாணவன் இறங்குகிறான். வீட்டில் சாப்பாடு முடிகிறது. தம்பி தங்கைகள் தூங்கிவிட்டார்கள். செல்போனை எடுத்துக் கல்லூரியின் பெயரைத் தேர்ந்தெடுக்கிறான், கடவுச்சொல்லைப் போடுகிறான்.

பட்டியலில் அவன் பெயர் சரியாக இருக்கிறது. கதவு திறக்கிறது.

படிக்கத் தொடங்குகிறான்.